அழுத்தி மிதிக்காதே

மத்தியான வெயிலில் அந்தச் சாம்பல் நிறக் கார் மஞ்சக்குப்பத்தில் மரிய அருளின் ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தபோது, பார்வைக்கு அதில் ஒரு குறையும் இல்லை. பெயின்ட் புதுசு. டயர் புதுசு. ஓட்டி வந்த சார்லஸின் முகம்தான் செத்துப்போயிருந்தது.

“மச்சான், கடலூர்ல ஒரு மெக்கானிக்க விடல. ஒருத்தனுக்கும் புரியல.”

அருள் சிரித்தான். “பொண்டாட்டி தம்பி மெக்கானிக்கா இருக்கும்போது ஊரெல்லாம் சுத்திட்டு வர்றீங்களே மாமா, வெக்கமா இல்ல?”

“ஒங்கிட்ட வந்தா ஒங்கக்காகிட்ட போட்டுக் குடுப்ப. பழைய கார வாங்கிட்டேன்னு அவ ஏற்கெனவே ஆடுறா.”

அக்கா ஆரோக்கிய அனிதா தலைப்பிரசவத்துக்காகக் கிள்ளையில் தாய்வீட்டில் இருந்தாள். அவளையும் குழந்தையையும் இந்தக் காரில்தான் கடலூருக்கு அழைத்து வருவேன் என்பது சார்லஸின் வீம்பு. ஒரே ஒரு தடவை ஏறிப் பார்த்தவள், “இந்தச் சத்தம் போற வரைக்கும் இதுல கால வெக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டாள்.

சத்தம் அப்படி.

மெதுவாகப் போனால் ஒன்றுமில்லை. ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தால் பின்பக்கத்திலிருந்து ஒரு முனகல் கிளம்பும். யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுவது போல. காலை எடுத்தால் நின்றுவிடும்.

அருள் காரைத் தூக்கி நிறுத்தி சைலன்சரை ஆட்டிப் பார்த்தான். வீல் பேரிங்கைச் சுற்றிப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. நின்ற இடத்தில் சார்லஸை மிதிக்கச் சொன்னபோதும் முனகல் வந்தது. டிக்கியைத் திறந்தால் மட்டும் நின்றுபோனது.

“டிக்கிக்குள்ளதான் என்னமோ இருக்கு. ரோட்ல ஓடும்போது நான் உள்ள படுத்துக் கேக்குறேன்.”

“பின் சீட்ட மடிச்சி விட்டுட்டுப் படேன்டா.”

“மடிச்சா சத்தம் மாறிப்போவும் மாமா. மூடுங்க.”

மெக்கானிக்குகள் செய்வதுதான். ஒருவர் ஓட்டுவார். இன்னொருவர் உள்ளே சுருண்டு படுத்து, நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியைத் தகட்டில் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக்கொள்வார். நோய் எங்கே என்று இரும்பே சொல்லிவிடும்.

ஆலப்பாக்கம் தாண்டியதும் சாலை காலியாகக் கிடந்தது.

“மிதிங்க மாமா!” பின்னாலிருந்து அருள் கத்தினான்.

மிதித்தான். முனகல் எழுந்தது.

“கிட்டதான் கேக்குது! இன்னும் நல்லா!”

இன்னும் மிதித்தான்.

“மாமா... இது தகடு இல்ல. மூச்சு விடுது.”

“பயந்தாங்கொள்ளி” என்று சார்லஸ் சிரித்தான்.

“மாமா, நிறுத்துங்க மாமா! கதவத் தெற—”

சத்தம் நின்றது.

முனகலும் இல்லை. அருளும் இல்லை. கார் வெண்ணெயில் வழுக்குவது போல ஓடியது. “கண்டுபுடிச்சிட்டியாடா!” என்று கூவிய சார்லஸ், அந்தச் சுகத்தில் புதுச்சத்திரம் வரை மிதித்துக்கொண்டே போனான். அதற்குப் பிறகுதான் நிறுத்தி டிக்கியைத் திறந்தான்.

ஈரத்துணியை நாள் கணக்கில் மூடி வைத்தது போல ஒரு நாற்றம்.

அருள் சுருண்டு கிடந்தான். கண் திறந்திருந்தது. வாயும் திறந்திருந்தது. தொண்டை நரம்புகள் புடைத்து அடங்கின. கத்திக்கொண்டிருந்தான்.

ஒரு ஓசையும் வரவில்லை.

சார்லஸ் அவனை இழுத்து முன் சீட்டில் உட்காரவைத்துச் சிதம்பரத்துக்குப் பறந்தான். பதற்றத்தில் கால் அழுந்தியது.

“மாமா, நிறுத்துங்க மாமா! கதவத் தெறங்க!”

குரல் பின்னாலிருந்து வந்தது.

பக்கத்தில் அருள் உதட்டை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

தொண்டையில் எந்தக் கோளாறும் இல்லை, ஏதோ அதிர்ச்சி என்றார் டாக்டர். வெளியே வந்ததும் அருள் போனில் தட்டிக் காட்டினான். ‘இருட்டுல ஒரு கை என் கழுத்தத் தடவிச்சி. அப்பறம் ஒரு பொம்பள சிரிச்சிக்கிட்டே எறங்கிப் போயிட்டா. என் கொரல் உள்ள மாட்டிக்கிச்சி மாமா.’

சற்று நேரம் கழித்து மறுபடி தட்டினான். ‘அக்காவுக்குத் தெரிய வேணாம். வயித்துப்புள்ளக்காரி.’

வயிற்றில் பிள்ளை இருப்பவளிடம் கெட்டதைச் சொல்லி யாராவது பயமுறுத்துவார்களா? அருளுக்குச் சளியில் தொண்டை கட்டிவிட்டது என்று கிள்ளையில் சொன்னார்கள். காரை மாட்டுவண்டி வேகத்தில் உருட்டிப் போய் மாமியார் வீட்டு ஓரமாக நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடினான் சார்லஸ்.

“சத்தம் என்னாச்சி?” என்று அனிதா கேட்டாள்.

“போயிடிச்சி. ஒந்தம்பி சரி பண்ணிட்டான்.”

அவள் முகம் மலர்ந்தது. அந்தப் பொய் அவனுக்கும் இனித்தது.

அருள் கடலூருக்குத் திரும்பிப் போய் ஊமையாக வேலை பார்த்தான். மழைக்காலம் பிறந்தது; நாள் நெருங்கியதால் சார்லஸ் கிள்ளையிலேயே தங்கியிருந்தான். சாலையெல்லாம் தண்ணீர் தேங்கியிருந்த ஒரு காலையில் அனிதாவுக்கு வலி கண்டது. ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றார்கள். ஆட்டோக்காரர்கள் போனையே எடுக்கவில்லை.

மாமியார் ஜெயராணி தார்ப்பாயை இழுத்து எறிந்தாள். “கார வெச்சிக்கிட்டு என்னா மாப்ள நிக்கிறீங்க?”

“ஆட்டோ வரட்டும் அத்த...”

“பனிக்கொடம் ஒடஞ்சிப்போச்சி, ஆட்டோவாம் ஆட்டோ! ஒங்க கார் தேஞ்சா போயிடும்?”

அனிதாவால் உட்கார முடியவில்லை. பின் சீட்டை மடித்துவிட்டு மெத்தையை விரித்தார்கள். துணிப்பையை டிக்கியின் மூலையில் தள்ளிவிட்டு, அங்கே தலை வைத்துப் படுத்தாள். ஜெயராணி முன்னால் ஏறிக்கொண்டாள்.

சார்லஸ் ஊர்ந்துகொண்டு போனான்.

“வேகமா போங்களேன்!” அனிதா வீறிட்டாள். “ரோட்லயே பெத்துப் போடவா?”

“மழ, அனிதா...”

“எம்புள்ள செத்தா ஒங்கள சும்மா விட மாட்டேன்!”

மிதித்தான்.

“மாமா, நிறுத்துங்க மாமா! கதவத் தெறங்க!”

ஜெயராணி திடுக்கிட்டுத் திரும்பினாள். “அருளு எப்ப வந்தான்?”

“தம்பி...” அனிதாவின் குரல் நடுங்கியது. “அம்மா, என் தலமாட்டுல தம்பி அழுவுறாம்மா...”

காலை எடுத்தால் நின்றுவிடும். எடுத்தால் குழந்தை பிழைக்காது. சார்லஸ் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான்.

“மாமா, கதவத்—”

நின்றது.

கார் வெண்ணெயாக ஓடியது.

சார்லஸ் கண்ணை ரோட்டிலேயே வைத்திருந்தான். திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. அடுத்த வலியில் அனிதா தொண்டை கிழியக் கத்தினாள். முழுசாக, பலமாக, அவளுடைய சொந்தக் குரலில். அவன் சிலுவை போட்டுக்கொண்டான். “மாதாவே, இவள காப்பாத்திட்டியே!”

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியதும் ஸ்ட்ரெச்சர் வந்தது. சற்று நேரத்தில் லேபர் வார்டின் கதவு திறந்தது.

“ஆம்பளப் புள்ள” என்றாள் நர்ஸ். அவள் சிரிக்கவில்லை. “மூச்சு நல்லா இருக்கு. ஆனா... நீங்களே பாருங்க.”

குழந்தையின் முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது. கைகள் முறுக்கியிருந்தன. பொக்கை வாய் முழுசாகத் திறந்து, உள்ளே நாக்கு துடித்தது. உடம்பு முழுதும் குலுங்க அழுதுகொண்டிருந்தான்.

சத்தம் மட்டும் இல்லை.

சார்லஸின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஏகப்பட்ட மிஸ்டு கால். எல்லாம் ஒரே பெயர்.

எடுத்தான்.

“மாமா!” அருள் கத்தினான். சிரித்தான். அழுதான். “பேச்சு வந்திடிச்சி மாமா! காலையில கடையில நிக்கிறேன், சட்டுனு தொண்ட தெறந்துக்கிச்சி! ஒங்களுக்குத்தான் மொதல்ல அடிக்கிறேன், எடுக்கவே மாட்டேன்றீங்க!”

சார்லஸ் சுவரில் சாய்ந்தான்.

“சார், வண்டிய வாசல்லயே வுட்டுட்டீங்களே” என்று காவலாளி வந்து நின்றான். “சாவியக் குடுங்க, நான் ஓரங்கட்டுறேன்.” சார்லஸின் விரல்களிலிருந்து சாவியை அவனே வாங்கிக்கொண்டு போனான்.

வெளியே கார் சேற்றில் சிக்கி உறுமியது. காவலாளி அழுத்தி மிதித்தான்.

ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது.

பச்சைக் குழந்தையின் வீறிடல்.

நர்ஸ் தலையைத் திருப்பினாள். “எந்தப் பெட்டு குழந்தை அது, இப்படி அழுவுது?”

போனில் அருள் துள்ளினான். “மாமா! நம்ம புள்ளயா அது? யம்மா, என்னா கத்து கத்துறான்! பையனா?”

சார்லஸ் போனைக் காதில் வைத்தபடியே வெளியே வந்தான். மழையில் இறங்கிக் காரை நோக்கி நடந்தான். காவலாளியிடமிருந்து சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

“பையன்தான் மச்சான்” என்றான் மெல்ல. “ஒடனே பஸ் ஏறு. மருமவன வந்து பாரு.”

“தோ, கெளம்பிட்டேன் மாமா!”

சார்லஸ் டிக்கியைத் திறந்து, அனிதாவின் துணிப்பையை எடுத்து வெளியே வைத்தான். மடித்திருந்த சீட்டை நிமிர்த்தி இறுக்கினான்.

ஓர் ஆள் சுருண்டு படுக்க அந்த இடம் தாராளமாகப் போதும்.