புரட்டாசியில் வளர்ந்த ஓடு

புரட்டாசி பிறந்ததிலிருந்து செல்வநாயகி வீட்டில் ஒரு முட்டைகூட உடைக்கவில்லை. அப்படியிருந்தும் மீன்தொட்டியில் கிடந்த நத்தைகளின் ஓடு வளர்ந்துகொண்டே இருந்தது.

மீனெல்லாம் செத்துப்போன தொட்டி அது. நடை பழகும் மகன் மிதுன் கண்ணாடியைப் பிடித்து எழுந்து நின்று வேடிக்கை பார்க்கட்டும் என்று கணவன் பாலகோபால் சித்திரையில் அந்த மஞ்சள் நத்தைகளை வாங்கிவந்து விட்டிருந்தான். வாயில்லா ஜீவனுக்குப் போய் உப்புத் தண்ணீரா என்று செல்வநாயகி போர் குழாயைத் திறக்கவே இல்லை. சிறுவாணித் தண்ணீரைக் குடத்தில் பிடித்துப் பிடித்து ஊற்றினாள். கோயமுத்தூரே பெருமையடித்துக்கொள்ளும் தண்ணீர். அதில்தான் ஓடுகள் வெளுத்து, குழி விழுந்து, நுனி நுனியாக உதிர்ந்தன.

"ஏனுங்க, நல்ல தண்ணிதானுங்களே ஊத்துனேன்?"

"அதுதான் அம்மணி தப்பு. போர் தண்ணி காய்ச்சற குண்டாவுல வெள்ளையா படியுதில்ல, அந்தச் சுண்ணாம்புதான் ஓட்டுக்கு வேணும். சிறுவாணித் தண்ணில அது ஏது? முட்டை ஓட்டப் பொடிச்சுப் போட்டு உடு."

போட்டாள். கொஞ்ச நாளில் ஓட்டின் விளிம்பில் புதிதாக ஒரு வெள்ளை வளையம் கட்டியது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகு புரட்டாசி வந்தது, கவிச்சி நின்றது, முட்டை ஓடும் நின்றது. தண்ணீர் மட்டும் அதே சிறுவாணி.

வளையம் நிற்கவில்லை. நாளுக்கு நாள் தடித்தது. பால் வெள்ளை.

அந்த வாரம்தான் மிதுன் நடப்பதை நிறுத்தினான். நிற்க வைத்தால் கால் மடங்கி உட்கார்ந்துகொண்டான். டாக்டர் சத்துக் குறைவு என்று டானிக் எழுதிக் கொடுத்தார். பாட்டில் காலியாயிற்று, பையன் எழவில்லை. கீழ் ஈறில் முளைத்திருந்த பல் இரண்டும் ஆடின. இந்தப் பிள்ளை இனி நடக்குமா என்று அவள் வருவோர் போவோரிடமெல்லாம் கேட்டாள்.

தொட்டிக்குப் பின்னால் சுவரில் சுண்ணாம்பு சுரண்டப்பட்டிருப்பதை அவள் கூட்டும்போது பார்த்தாள். விரல் அகலத்துக்கு ஒரு தடம். சுவரோரமாகவே நீண்டு, கதவு நிலையைத் தாண்டி, மிதுனின் தூளி தொங்கும் உள்ரூமுக்குள் போயிருந்தது. தொட்டால் பிசுபிசுத்தது, பாசி வாடை அடித்தது.

"ஓதம் ஏறியிருக்கும். தீவாளிக்கு வெள்ளையடிச்சுப் போடலாம்" என்று சொல்லிவிட்டு பாலகோபால் பட்டறைக்குக் கிளம்பினான்.

மழை பிடித்த சாயங்காலம். மிதுனைத் தூளியில் போட்டு ஆட்டித் தூங்கவைத்துவிட்டு அவள் அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவர்கள் குடியிருந்த கணபதியில் பொழுதெல்லாம் லேத் ஓடும்; எதிர்வீட்டுப் பட்டறை, பக்கத்துப் பட்டறை, சந்துக்கடைசிப் பட்டறை என்று எல்லாம் சேர்ந்து இரையும் சத்தம் அவள் காதுக்குப் பழகி, கேட்பதே இல்லாமல் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. கரண்ட் போயிற்று. ஒன்றன்பின் ஒன்றாக லேத்துகள் நின்றன. மழையும் வெறித்தது.

அப்போதுதான் அது கேட்டது.

கர். கர். கர்.

அரத்தால் மெதுவாக ராவுவது மாதிரி. இத்தனை நாளும் அந்த இரைச்சலுக்கு அடியில் இது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தொட்டியருகே போனாள். மூடி விலகியிருந்தது. தண்ணீர் அசையவில்லை. உள்ளே ஒரு நத்தையும் இல்லை.

சத்தம் உள்ரூமிலிருந்து வந்தது.

"கண்ணு?"

தூளி லேசாக ஆடியது. இருட்டில் சேலைத் துணியின் அடியில் வெள்ளை வெள்ளையாக என்னவோ ஒட்டியிருந்தது. கர். கர். துணியை விலக்கினாள். மிதுன் விழித்திருந்தான். அழவில்லை. அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். வாயில் பல் இல்லை.

அவனை வாரி எடுத்தாள்.

கனமே இல்லை. கால் இரண்டும் அவள் முழங்கைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், பிழிந்த துணி மாதிரி மடிந்து தொங்கின. அவள் கன்னத்தைத் தொட அவன் கையைத் தூக்கினான். அது பாதியில் வளைந்து விழுந்தது.

கரண்ட் வந்தது. எல்லாப் பட்டறையும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கின. விளக்கு வெளிச்சத்தில் பிள்ளையின் கெண்டைக்காலில் நத்தை ஒன்று ஒட்டியிருந்தது. அதன் ஓட்டு விளிம்பு ஈரமாக, புதுப் பல் வெள்ளையில் மினுங்கியது. சத்தம் இப்போது கேட்கவில்லை. வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.