லிங்கேஷுக்கு இன்னும் ஒரு மணி நேரம்

கனகலட்சுமி பஸ் ஸ்டாண்டு செல்போன் கடையிலிருந்து வீடு வந்து சேர்ந்தபோது தெரு முழுக்க விசைத்தறிச் சத்தம். கதவைச் சாத்திய பிறகும் அது சுவர் வழியாக உள்ளே வந்தது. மகள் கோகிலா ஓடி வந்து அம்மா கையிலிருந்த தன் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"போன் கண்ணாடி ஒட்ட இவ்வளவு நேரமாம்மா?"

கண்ணாடி மட்டும் ஒட்டவில்லை; மகள் தேடுவதையெல்லாம் தாயின் போனில் காட்டி, நேரத்துக்கும் கணக்கு வைக்கிற ஒரு ஆப்பையும் கடையில் ஏற்றி வாங்கியிருந்தாள். தாயைக் கண்டால் போனைக் கவிழ்க்கிற பெண், ரகசியமாக எதைத் தேடுகிறாளோ, எவனிடம் சிக்கிக்கொள்வாளோ என்ற பயம் ஒரு மாதமாகக் கனகலட்சுமியை அரித்தது. கணவன் லாரியோடு வடக்கே போனால் திரும்ப வாரங்களாகும். யாரிடம் சொல்ல?

"மறைச்சுப் பாத்தாலும் உங்க போன்ல வந்து விழுந்திரும்க்கா. கொட்டாவி விட்டாக்கூடத் தெரிஞ்சிரும்" என்று அதை ஏற்றும்போது சிரித்தார் செல்போன் கடை சௌந்தரபாண்டியன். "எத்தனை பிள்ளைக?"

"ரெண்டு."

வாய் தவறி வந்துவிட்டது. கோகிலாவுக்கு முன்னே பிறந்த ஆண்பிள்ளை ஒரு பொழுதுகூடத் தங்கவில்லை. பேர் வைக்காமலே குழியில் இறக்கினார்கள். யார் கேட்டாலும் 'ஒண்ணுதான்' என்று சொல்லிப் பழகிய நாக்கு அன்று ஏனோ பிசகியது.

"மூத்தவன் பேரு?"

மனதுக்குள் மட்டும் வைத்திருந்த பேரைச் சொன்னாள். "லிங்கேஷ்."

"ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு நாளைக்கு மூணு மணி நேரம் வச்சிருக்கேன். அவன் போனைப் பிறகு கொண்டாங்க, சேத்துவிடுதேன்."

அந்தப் பேரை அழிக்கச் சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருப்பதைப் பார்த்ததும் அவளுக்கு மனசு வரவில்லை.

முதல் சில நாள் கனகலட்சுமியின் போனில் கோகிலாவின் பேருக்குக் கீழேதான் வரிகள் வந்தன. முகப்பரு போக என்ன செய்ய. கணக்கில் பாஸாக எவ்வளவு மார்க் வேண்டும். அம்மா ஏன் எப்பவும் சிடுசிடுன்னு இருக்காங்க. படித்தபோது கனகலட்சுமிக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு, போனே இல்லாதவனின் பேருக்குக் கீழே ஒரு வரி வந்தது.

பால்.

மறுநாள் இன்னொன்று. இருட்டா இருக்கு.

அடுத்தது, அவள் அடுப்படியில் நிற்கும்போது வந்தது.

மண்ணை எப்படித் தள்ள.

பாத்திரத்தில் பால் பொங்கி வழிந்து கருகியது. அந்த வாடையில் அவள் அசையாமல் நின்றாள். பயம்தான் வந்திருக்க வேண்டும். அவளுக்கோ மார்பு கனத்தது.

போன் மறுபடி ஒலித்தது. 'லிங்கேஷ் இன்னும் ஒரு மணி நேரம் கேட்கிறான்.' கீழே இரண்டு பொத்தான்கள். அனுமதி. மறுப்பு.

அனுமதி கொடுத்தாள்.

உள்ளேயிருந்து கோகிலா கத்தினாள். "இதுல என்னத்த ஏத்தி வச்சிருக்க? நான் இன்னும் தொடவே இல்ல, நேரம் முடிஞ்சிட்டுன்னு பூட்டிக்கிட்டு. என்கூடப் படிக்கிற பஸீலா வீட்டுலகூட இப்படி வேவு பாக்க மாட்டாங்க!"

"ஏட்டி, படிக்கிற வழியப் பாரு."

கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், உட்கார்ந்தவாக்கில் தூங்கிக்கொண்டிருந்தாள். உலுக்கியும் எழும்பவில்லை. கை சில்லென்றிருந்தது. அந்த ஒரு மணி நேரம் கழிந்த பிறகுதான் கண் விழித்தாள். அவள் தலைமுடியில் ஈரமண் வாடை அடித்தது.

மகளின் நேரத்தைத்தான் அவன் எடுத்துக்கொள்கிறான் என்று கனகலட்சுமிக்குப் புரிந்தது. ஆனாலும் மறுநாள் அவன் கேட்டான், கொடுத்தாள். அதற்கு மறுநாளும் கொடுத்தாள். கோகிலாவின் தூக்கம் நீண்டுகொண்டே போனது.

மாதாந்திர மின்தடை நாள் வந்தது. தறிகள் எல்லாம் ஒரே மூச்சில் நின்றன. நடுப்பகலில் தெரு செத்துக் கிடந்தது. கட்டிலில் கோகிலா கிடந்தாள்.

போன் ஒலித்தது.

'லிங்கேஷ் கோகிலாவின் நேரம் முழுவதையும் கேட்கிறான்.'

விரல் பொத்தான்களுக்கு மேலே போனது. திரையில் இன்னொரு வரி எழுந்தது.

அம்மா.

அவள் மகளைப் பார்த்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு வருகிறதா என்றே தெரியவில்லை.

"போயிரு ராசா," என்று கிசுகிசுத்தாள். "உனக்கு நான் ஒண்ணுமே செய்யல. ஆனா இவளை விட்டுரு."

மறுப்பை அழுத்தினாள்.

கோகிலா தண்ணீருக்குள்ளிருந்து எழுந்தவள்போல மூச்சை இழுத்துக்கொண்டு கண் விழித்தாள். "என்னம்மா? ஏன் அழுத?"

அந்த வெயிலிலேயே கடைக்கு ஓடி இரண்டு பேரையும் நீக்கச் சொன்னாள். "ரெண்டும் போயிட்டுக்கா," என்றார் சௌந்தரபாண்டியன். "இனி பிள்ளைக ராஜ்யம்தான்."

சாயங்காலம் கரண்ட் வந்தது. கோகிலா போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். போன் அவள் முகத்துக்கு எதிரே சுவரில் சாய்ந்திருந்தது. கனகலட்சுமி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"மக்கா, இனி உன் போனை நான் பாக்க மாட்டேன். சத்தியமா."

"நீ பாக்காட்டி என்ன? அண்ணன் பாக்கான்லா."

அவனைப் பற்றி இந்த வீட்டில் யாரும் அவளிடம் சொன்னதே இல்லை.

"எந்த... எந்த அண்ணன்?"

கோகிலா போனைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. திரையில் பக்கம் மேலே நகர்ந்தது. அவள் முகம் சுளித்தாள்.

"மெதுவாப் போண்ணே. நான் இன்னும் வாசிக்கல."

அவளுடைய இரண்டு கைகளும் போர்வைக்குள் இருந்தன.