தொட்டுப் பாருங்கள்

"அஞ்சாவது பெட்டிக்குள்ள ஆள் வெச்சிருக்கீங்களே, சூப்பர் ஐடியா மேடம்," என்று சொல்லிவிட்டு, வலது கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே படியிறங்கிப் போனாள் ஒரு மாணவி. கண்காட்சிப் பொறுப்பாளர் ஒப்புக்குச் சிரித்து வைத்தாள். அவள் போன பிறகுதான் அந்தப் பேச்சு உறைத்தது. ஐந்தாவது பெட்டிக்குள் இருந்தது ஒரு மரச்சீப்பு.

பல்கலைக்கழக நூலகத்தின் மாடியில் நடந்த அந்தக் கண்காட்சிக்கு 'தொட்டுப் பாருங்கள்' என்று பெயர் வைத்ததே அவள்தான். எப்போதும் கண்ணாடிக்குப் பின்னால் பூட்டி வைத்து, கிட்டப் போனாலே அதட்டி விரட்டும் பழைய பொருட்களை இந்த ஒரு தடவையாவது ஜனங்கள் ஆசைதீரத் தொடட்டும் என்று டைரக்டரிடம் மல்லுக்கட்டி வாங்கிய அனுமதி அது. கூடத்தின் இரண்டு பக்கமும் எதிரெதிராக, இரும்புக் கால்களின் மேல் மரப்பெட்டிகள் நின்றன. ஒவ்வொன்றும் முழங்கை நீளம் தாண்டாது. முன்பக்கம் வட்டமாக ஒரு துவாரம். அதை மறைத்து, நடுவில் கீறிவிட்ட கறுப்புத் துணி. உள்ளே கையை விட்டுத் தடவி, பூட்டா, நூல்கண்டா, குழந்தைச் செருப்பா என்று ஊகிக்க வேண்டும். வெளியே போகும் வழியில் மாட்டியிருந்த படங்களில் விடை இருந்தது. பெட்டிகளுக்குப் பின்னால் மூடியைத் திருகாணி போட்டு முறுக்கியிருந்தார்கள். அடியில் வெறும் தரை. ஒரு பூனை ஒளிந்துகொள்ளக்கூட இடமில்லை.

இருந்தும் அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் சிலர் அதையே சொன்னார்கள். உள்ளே பட்ட கை ஜில்லென்று இருந்தது என்றார் ஒருவர். இன்னொருத்தி, "இவ்வளவு மெதுவா யாரும் என் கையைப் பிடிச்சதே இல்ல," என்று சொல்லிவிட்டு மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டாள்.

பொறுப்பாளரின் சந்தேகம் நேராக ஆணியின் மேல் போய் விழுந்தது. எல்லோரும் ஆணி என்று கூப்பிடும் அவர் அங்கே தச்சுவேலை பார்க்கும் ஊழியர். சொந்தப் பெயர் என்னவென்று சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். பெட்டிகளைச் செய்தவரும் அவர்தான். குறும்புக்காரர். ஒருமுறை துணிக்கடைப் பொம்மை ஒன்றுக்குக் கண்ணாடி மாட்டி வாசிப்பறையில் உட்கார வைத்துவிட்டார். அது பொம்மை என்று கண்டுபிடிப்பதற்குள் மூன்று பேர் அதனிடம் பேனா கடன் கேட்டிருந்தார்கள்.

"சத்தியமா நான் இல்ல மேடம்," என்றார் ஆணி, இரண்டு கைகளும் பாக்கெட்டுக்குள். "வேணும்னா நீங்களே விட்டுப் பாருங்க."

கூடம் காலியானதும் அவள் விட்டுப் பார்த்தாள். துணி மணிக்கட்டை உரசிக்கொண்டு விலகியது. விரல் நுனியில் மரப் பற்கள் வரிசையாகத் தட்டுப்பட்டன. சீப்பு. வெறும் சீப்பு. ஆனால், யாரோ வெகுநேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்து அப்போதுதான் கீழே வைத்துவிட்டுப் போனதைப் போல, அது வெதுவெதுப்பாக இருந்தது.

மறுநாள் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் வந்தார். மற்ற பெட்டிகளை எட்டிக்கூடப் பார்க்காமல் நேரே ஐந்தாவதன் முன்னால் போய் நின்று, கையை உள்ளே விட்டு, கண்களை மூடிக்கொண்டார். வரிசை நீண்டது. பின்னால் நின்றவர்கள் தொண்டையைச் செருமிப் பார்த்தார்கள்.

"ஐயா, எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க," என்றாள் அவள்.

"ஒரு நிமிஷம்மா," என்றார், கண்ணைத் திறக்காமல். கன்னத்தில் நீர் வழிந்து கொண்டிருந்தது. "இப்பத்தான் என்னை அடையாளம் கண்டுபிடிச்சிருக்கா."

அவர் கையை வெளியே எடுத்தபோது அவள் பார்த்தாள். விரல்களெல்லாம் வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தன, நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறியதைப் போல. அவர் கடந்து போகையில் ஈரத் தலைமுடியின் வாடை அடித்தது.

அதற்குப் பிறகு அவள் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. கைகளைத்தான் பார்த்தாள். நூல் திருப்பிக் கொடுக்கிறவர்களின் கை, கதவைத் தள்ளுகிறவர்களின் கை, கேன்டீனில் டம்ளரைப் பிடித்திருந்த கை. சுருங்கிய விரல்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன. யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவள் பார்ப்பது தெரிந்தால் கையை மறைத்துக்கொண்டார்கள்.

கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்காமலே ஆணி நடமாடுவது அப்போதுதான் அவளுக்கு உறுத்தியது.

"கையைக் காட்டுங்க," என்றாள்.

அவர் சிரித்து மழுப்பப் பார்த்தார். முடியவில்லை. மெல்ல வலது கையை எடுத்து நீட்டினார். முழங்கையைத் தாண்டியும் தோல் வெளுத்து, மடிப்பு மடிப்பாகத் தொங்கியது.

"தினமும் காலையில கதவு திறந்ததும் வந்துடுறேன் மேடம். யாரும் வர்றதுக்கு முன்னாடி."

"யாரோட கை அது?"

"மத்தவங்க அம்மாங்கிறாங்க, பொண்டாட்டிங்கிறாங்க. எனக்குத் தெரிஞ்ச யார் கையும் இல்ல அது." அவர் குரல் தாழ்ந்தது. "ஆனா அதுக்கு என்னைத் தெரிஞ்சிருக்கு. முதல்ல விரலை மட்டும் தொட்டுது. அப்புறம் மணிக்கட்டு. இப்ப கொஞ்சம் கொஞ்சமா இழுக்குது மேடம். அந்தப் பெட்டியோட அளவு எனக்குத் தெரியாதா? நான் அறுத்த பலகை. அதுக்குள்ள அவ்வளவு தூரம் கிடையாது."

பெட்டியை எடுத்துவிடலாம் என்று அவள் டைரக்டரிடம் போனாள். "நூலகத்துக்கு இவ்வளவு கூட்டம் எப்ப வந்திருக்கு சொல்லுங்க? நாளைக்கு நிறைவு விழா. கச்சேரி இருக்கு, விருந்தாளிங்க வர்றாங்க. இப்பப் போய்க் கண்டதையும் கிளப்பாதீங்க," என்று அவர் வாயை அடைத்துவிட்டார். அவள் துவாரத்தின் மேல் 'பழுது' என்று எழுதி ஒட்டினாள். திரும்பி வருவதற்குள் அது கிழிந்து கிடந்தது.

வீட்டில் இதைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. காரணம், தங்கை. போன வருஷம் கணவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரவு பகலாக அவன் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவள் அவள். வெந்நீர் வாங்கி வர எழுந்து போன அந்தக் கொஞ்ச நேரத்தில் அவன் போய்விட்டான். "கையை விட்டுட்டுப் போயிட்டேனே அக்கா," என்பதைத் தவிர அவள் வேறு எதுவும் சொல்லி அழுததில்லை. அக்காவோடு வந்து தங்கி, பல்கலைக்கழக வாசலில் இருந்த தையற்கடையில் வேலை பார்த்து, இப்போதுதான் சாப்பாட்டைச் சாப்பாடாகச் சாப்பிடத் தொடங்கியிருந்தாள்.

தையற்கடைக்கு மாணவிகள் வருவார்கள், வந்தால் பேசுவார்கள் என்பது மட்டும் அக்காவுக்குத் தோன்றாமல் போயிற்று.

நிறைவு விழா அன்று, வெயில் இறங்கிக் கொண்டிருந்த நேரத்தில், எல்லோரும் கீழே வாசிப்பறைக்குப் போய்விட்டார்கள். வயலின் சுருதி சேர்க்கும் சத்தம் படிக்கட்டு வழியாக மேலே ஏறி வந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டுப் போகலாம் என்று அவள் மாடிக்கு வந்தாள். கூடத்தின் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே நடையின் நடுவில் மஞ்சள் வெளிச்சம் நீளமாய் விழுந்து கிடக்க, அதன் இரண்டு பக்கமும் பெட்டிகளின் நிழல்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்திருக்க, எங்கும் அந்த ஈரத் தலைமுடி வாடை கனத்துத் தேங்கியிருந்தது.

ஐந்தாவது பெட்டியின் முன்னால் தங்கை.

"நீ எப்படி வந்தே? கையை எடு," என்றாள் அக்கா.

"சத்தம் போடாதக்கா." தங்கை திரும்பவில்லை. கிசுகிசுத்தாள். "தூங்குறார். என் கையைப் பிடிச்சுக்கிட்டே தூங்குறார்."

கிட்டே போன பிறகுதான் கண்ணில் பட்டது. முழங்கை நீளப் பெட்டி. தங்கையின் கை தோள் வரை உள்ளே போயிருந்தது.

அவள் தங்கையின் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. எதிலும் சிக்கியிருக்கவில்லை. அந்தப் பக்கம் யாரோ பிடித்திருந்தார்கள்.

பெட்டியின் பின்னால் ஓடினாள். கைப்பையில் கிடந்த காசை எடுத்துத் திருகாணியில் வைத்துத் திருப்பினாள். நழுவியது. மறுபடி வைத்தாள். ஒன்று. இன்னொன்று. மூடி கழன்று தரையில் விழுந்தது.

சீப்பு.

சீப்பு மட்டும்.

கை இல்லை. துணியின் கீறல் வழியாக மெல்லிய வெளிச்சம் உள்ளே வந்துகொண்டிருந்தது. அவள் தன் கையை விட்டு அந்தக் காலி இடத்தைத் துழாவினாள். காற்று. துணிக்கு அந்தப் பக்கம், விரலில் தட்டுப்பட்டது தங்கையின் தோள். அது மூச்சோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

கூடத்தின் மறுபக்கத்தில் துணி உரசும் சத்தம் கேட்டது.

எதிர் வரிசை. உள்ளே பழைய பூட்டை வைத்திருந்த பெட்டி.

அதன் கறுப்புத் துணியைப் பிளந்துகொண்டு ஒரு கை வெளியே வந்தது. கட்டைவிரலுக்குக் கீழே இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. தங்கையின் கை. அது எதையோ இறுக்கிப் பற்றியிருந்தது. பற்றியிருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் புறங்கைச் சதையில் பள்ளங்கள் விழுந்தன. நான்கு விரல்களின் பள்ளங்கள். அவை ஆழமாகின.

கை நகர்ந்தது. மணிக்கட்டு. முழங்கை. சின்னச் சின்ன இழுப்பாக, அவசரமே இல்லாமல், கூடத்தின் நடுவை நோக்கி.

"அக்கா," என்றாள் தங்கை, சந்தோஷம் தாங்காமல். "கூப்பிடுறார்."

அவள் பாய்ந்து வந்து தங்கையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். தோள் உள்ளே போனது. எலும்பு நொறுங்கும் சத்தம். தங்கை முனகக்கூட இல்லை. கழுத்து சாய்ந்தது. கன்னம் பலகையில் ஒட்டியது. கீழே கச்சேரி தொடங்கி, ஜனங்கள் கைதட்டினார்கள். அவள் கத்தியது அதில் கரைந்தது.

பலகையில் இப்போது கன்னம் இல்லை.

எதிர்ப் பெட்டியின் கறுப்புத் துணி உள்ளிருந்து மெல்லப் புடைத்தது. முதலில் மூக்கு. பிறகு நெற்றி. பிறகு, துணியை இழுத்துப் பிடித்தபடி, சிரிக்கும் ஒரு வாய். அவள் கட்டிப்பிடித்திருந்த உடம்பு, அவளுடைய இரண்டு கைகளுக்குள்ளேயே, கனம் குறைந்துகொண்டே வந்தது.