தெருக்கோடியில் ஆகாய கங்கை

விழித்ததும் சபாபதி முதலில் கவனித்தது, தெருவில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை என்பதைத்தான். கரண்ட் போயிருந்தது. ஆனாலும் ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் மங்கலாக விழுந்திருந்தது. சித்திரை அமாவாசையில் நிழல் ஏது?

வெளியே வந்து அண்ணாந்து பார்த்தான். ஆகாய கங்கை என்கிற பால்வீதி தெருவுக்கு நேர் மேலே, தறிக்காக நீட்டிப் போட்ட வெள்ளை நூல் பாவு போலக் கிடந்தது. நடுவில் மட்டும் இழைகள் அறுந்த மாதிரி ஒரு கறுப்பு. சித்திரையில் அது தெருவுக்கு நேராக வந்துவிட்டால் விடிகாலை நாலு மணி, பாவு நீட்டும் நேரம். பிள்ளையார்பாளையத்து நெசவாளிகளுக்கு வேறு கடிகாரம் வேண்டாம்.

பாவு நீட்ட இரண்டு பேர் வேண்டும், கோடிக்கு ஒருவர். ஒருவர் செத்துப்போனால், அவர் பிடித்த கோடியை வருஷம் திரும்பும்வரை வேறொரு கை பிடிக்க வேண்டும். வெறுமனே விட்டால் வேண்டாதது எதுவோ வந்து பிடிக்கும் என்பார்கள். மனைவி கமலவேணி போய் மூன்று மாதம். பக்கத்து வீட்டுத் தணிகாசலம் நேற்றே சொல்லியிருந்தார்.

"நான் வந்து புடிக்கிறேன்பா. தனியா நீட்டிக்கினு நிக்காத."

இந்த மூன்று மாதமாக வீட்டில் சபாபதியைக் கூப்பிட ஆளில்லை. சீ, என்ன பிழைப்பு இது! பாவின் ஒரு முனையைத் தென்கோடிக் கல்லருகே தணிகாசலத்துக்காக வைத்துவிட்டு, கஞ்சி வாசமும் ஈர மண் வாசமும் மூக்கில் ஏற, இழைகளைப் பிரித்தபடி வடகோடிவரை பின்னோக்கி நடந்து வந்தான்.

பாவு தரையிலிருந்து எழும்பி விறைத்தது.

"வந்துட்டியாண்ணே?"

எதிர்முனையிலிருந்து பாவை யாரோ இரண்டு முறை சுண்டினார்கள். டக், டக்.

'நேரா இருக்குது, கட்டு' என்று கமலவேணி சொல்லும் விதம் அது. இருபது வருஷம் அப்படித்தான் சுண்டினாள்.

பின்னால் கதவு திறந்தது. தணிகாசலம் அரிக்கேனோடு நின்றார்.

"இன்னாபா, ரெண்டு மணிக்கே எழுந்துட்ட? வானம் தப்பால்ல நிக்குது..." வெளிச்சம் தெருவில் நீண்டது. அவர் குரல் இறங்கியது. "யாருபா அந்தக் கோடில?"

"அவதாண்ணே."

"உட்டுடு சபாபதி! கைய உடு!"

விட மனமில்லை. விட்டால் மறுபடி அந்த வீடு, அந்தத் தறி, அந்த மௌனம். பாவைப் பிடித்தபடியே தெற்கே நடந்தான். பத்தடி. இருபதடி.

டக், டக், டக்.

மூன்று.

கமலவேணி ஒருநாளும் மூன்று முறை சுண்டியதில்லை.

கல் தெரிந்தது. கல்லருகே யாருமில்லை. பாவு அங்கே நிற்கவும் இல்லை. கல்லைத் தாண்டி, கூரைகளைத் தாண்டி, மேலே. இழை இழையாக. அந்த வெள்ளைக்குள். நடுவிலிருந்த கறுப்புக்குள்.

இழுத்தது. குதிகால் மண்ணில் தேய்ந்தது.

சபாபதி விரல்களை விரித்தான். கையை எடுத்தான்.

பாவு விழவில்லை.

பச்சை மஞ்சள் வாசம். மிக அருகில். அவன் கை இருந்த இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கை பாவை இறுகப் பிடித்திருந்தது. பச்சைக் கண்ணாடி வளையல்கள். அடக்கம் செய்த அன்று அவன் போட்டுவிட்டவை.

அவள் இந்தப் பக்கம்தான் இருந்தாள். தன் பலமெல்லாம் கூட்டி, இங்கே இழுத்துக்கொண்டிருந்தாள்.

வளையல்கள் கலகலவென்று நடுங்கின. அந்தக் கை, அங்குலம் அங்குலமாக, மேலே போய்க்கொண்டிருந்தது.