சஹ்ரான் வீட்டு முறை

குண்டுக்குப் பயந்து ஒதுங்கியிருந்த குகையின் வாசலில் உட்கார்ந்திருந்த ஸுவைனாவுக்குத் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் வர வழியே இல்லை. மலைக்குள்ளிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் சுரங்கக் கால்வாயை வெள்ளைக்காரனின் விமானம் போன வாரமே குண்டு போட்டு உடைத்துவிட்டது. அடைப்பை எடுக்க மூன்று பேர் உள்ளே இறங்கினார்கள். ஒருவன் அவள் புருஷன் சஹ்ரான். அவர்கள் உள்ளே இருக்கும்போதே விமானம் திரும்பி வந்து இன்னொரு குண்டைப் போட்டது. பாறை அப்படியே உட்கார்ந்துவிட்டது. பிணத்தைக்கூட எடுக்க முடியவில்லை.

சுல்தானுக்கும் இந்த மலையில் இருக்கும் இமாமுக்கும் சண்டை என்றால், சுல்தானுக்குத் துணையாக வரக் கடல் தாண்டி இருக்கிறவனுக்கு என்ன வந்தது? மாதுளை மரம் துப்பாக்கியா தூக்கியது? கிணற்றையும் ஆட்டையும் கால்வாயையும் தேடித் தேடி அடிக்கிறான், நாசமாய்ப் போகிறவன்.

குகைக்குள் மகள் நஸ்ரா காய்ச்சலில் கிடந்தாள். ஐந்து வயது. உதடு வெடித்திருந்தது. அழுதால் கண்ணீர் வரவில்லை. தண்ணீர் வைக்கும் தோல்பை காய்ந்து சுருங்கிவிட்டது.

"ராயா, உனக்கும் கேக்குதா?" என்றாள் ஸுவைனா.

ராயா சஹ்ரானின் தங்கை. "கேக்குது. கேக்காத மாதிரி உக்காரு. இடிஞ்ச கால்வாய்ல தண்ணி எப்படி வரும்?"

"புள்ள சாகுதுடி."

"அன்னிக்கும் இப்படித்தான் பறந்தே. 'அடைப்பெடுக்க மத்த வீட்டு ஆம்பளை போறான், நீ மட்டும் பொம்பள மாதிரி உக்காந்திருக்கியே'ன்னு எங்கண்ணனைக் குத்திக் குத்தி அனுப்புனவதானே நீ? போ அண்ணி, போ."

பொழுது சாய்ந்து விமானங்கள் ஷார்ஜா பக்கத்துத் தளத்துக்குத் திரும்பியதும் ஸுவைனா தோல்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

கருகிய வாதுமை மரங்களுக்கு நடுவே, செத்த ஆடுகளின் நாற்றமும் வெடிமருந்தின் காரமும் கலந்து தொண்டையைப் பிடிக்க, குளிர்காற்று மலைச்சரிவில் ஊளையிட்டபடி முக்காட்டுத் துணியைப் பிடித்து இழுக்க, ஒவ்வொரு வயல்படியாக அவள் இறங்க இறங்க அந்தச் சத்தம் நெருங்கி வந்தது. சுரங்க வாயிலில் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கையை வைத்தாள். மார்கழிக் குளிரில் அது வெதுவெதுப்பாக இருந்தது. நாளெல்லாம் உடம்பில் கிடந்த துணியின் வாடை வந்தது. உள்ளே, வெகு ஆழத்தில், யாரோ மண்ணைச் சுரண்டினார்கள்.

சுரண்டல் நின்றது.

"சஹ்ரான் வீட்டு முறை!"

சஹ்ரானின் குரல்தான்.

அந்த ஊரில் தண்ணீர் முறைவைத்துத்தான் வரும். கால்வாய்க்காரன் வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான். 'ஏத்துக்கிட்டோம்' என்று பதில் வந்தால்தான் மடை திறக்கும். ஏற்றுக்கொண்ட வீடு, தூர் வாரக் கூப்பிடும்போது ஓர் ஆளை அனுப்பியே ஆகவேண்டும். இமாமின் வீட்டுக்கும் விலக்கில்லை. பிறந்ததிலிருந்து கேட்ட கூப்பாடு. யோசிப்பதற்கு முன்பே அவள் வாய் சொல்லிவிட்டது.

"ஏத்துக்கிட்டோம்!"

தண்ணீர் பொங்கி முழங்காலைத் தொட்டது. அவள் தோல்பையை நிரப்பிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

நஸ்ரா குடித்தாள். மூச்சு வாங்க வாங்கக் குடித்தாள். கொஞ்ச நேரத்தில் காய்ச்சல் இறங்கியது. ராயா ஒரு சொட்டும் தொடவில்லை. ஸுவைனா மகளைக் கட்டிக்கொண்டு, சந்தோஷத்தில் அழுதுகொண்டே தூங்கிப்போனாள்.

விடிகிற வெளுப்பில் கண் விழித்தபோது பாய் காலி. பாய் முழுக்கச் சேறு.

ராயா சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். "கீழேயிருந்து கூப்பிட்டாங்க அண்ணி. 'சஹ்ரான் வீட்டு ஆள் வரட்டும்'னு. இவ எந்திரிச்சு 'வந்துட்டேன்'னா. புடிச்சேன் அண்ணி, சத்தியமா புடிச்சேன். கையில நிக்கல. உடம்பெல்லாம் வழுக்குது."

ஸுவைனா ஓடினாள். விழுந்தாள். எழுந்தாள். விமானம் வரும் நேரம். வரட்டும்.

சுரங்கத்துக்குள் குனிந்து போனாள். இருட்டு. வெதுவெதுப்பான தண்ணீர். பிறகு பாறை. பாறையில் ஒரு சந்து. ஒரு சாண் அகலம்கூட இல்லை. அதன் வழியாக ஒரு சின்னக் கை வெளியே வந்து, ஒரு பிடி மண்ணை வைத்துவிட்டு உள்ளே போனது. மறுபடி வந்தது.

"நஸ்ரா!"

"அம்மா, வேலை நிறைய இருக்கும்மா. அப்பாவால மட்டும் முடியல."

ஸுவைனா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். இழுத்தாள். வரவில்லை. "என்னை எடுத்துக்கங்க! நான்தானே ஏத்துக்கிட்டேன்! புள்ளைய விடுங்க!" என்று பாறையில் நெற்றியை மோதிக் கத்தினாள்.

உள்ளே யாரோ யாரிடமோ மெதுவாகக் கேட்டார்கள். யாரோ சரி என்றார்கள்.

சந்திலிருந்து இன்னொரு கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. பெரிய கை. சுண்டுவிரலில் அவள் சஹ்ரானுக்குப் போட்டுவிட்ட வெள்ளி மோதிரம். அப்புறம் இன்னொரு கை. இன்னும் ஒன்று. எல்லாவற்றிலும் நகம் பிய்ந்திருந்தது. நஸ்ராவையும் விடாமலேயே, அந்தக் கைகள் ஸுவைனாவின் முழங்கையை, தோளை, தலைமுடியை, குழிக்குள் இறங்குகிறவருக்குக் கைகொடுப்பதுபோல், பதமாக, அந்தச் சாண் அகலச் சந்துக்குள் இழுக்க ஆரம்பித்தன.