நோய்க்குக் கொடுத்த பெயர்

வீட்டுத் தகப்பன் சீழ்க்கை அடிக்கத் தொடங்கியிருந்தார்.

முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த அசிபா துடைப்பத்தை நிறுத்திக் கேட்டாள். உலை கொதிக்கத் தொடங்கும்போது மூடிக்கடியில் எழுமே, அப்படியொரு மெல்லிய ஈரச் சத்தம், கூடத்து மண்பானைக்குப் பின்னாலிருந்து விட்டுவிட்டு வந்தது. பாலைவனக் காற்று இறங்கிப் பத்து நாளாகிறது. பகல் பதினொரு மணிக்கும் வெயில் மங்கலாகத்தான் இருந்தது, பல்லிடுக்கிலெல்லாம் புழுதி நறநறத்தது. ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு பானையை நகர்த்தினாள். அந்த வீட்டார் தகப்பன் என்று கும்பிடும் மலைப்பாம்பு தலையை அண்ணாந்து தூக்கியிருந்தது. வாய் லேசாகத் திறந்து, ஓரத்தில் நுரை.

மூன்று வாரமாக எலியைத் தொடவில்லை. சொன்னதற்கு, "அப்பா விரதம் இருக்கார்டி, உனக்கென்ன?" என்று சிரித்துவிட்டுக் கொத்தொனூ நகரத்துக்குச் சரக்கெடுக்கப் போய்விட்டான் கணவன் செஜ்ரோ. அவன் திரும்புவதற்குள் இது செத்தால், வந்து ஒரு வருடம்கூட ஆகாத மருமகள்தான் தகப்பனைக் கொன்றவள். வாயும் வயிறுமாகத் துரத்திவிடுவார்கள். அந்த மூச்சைக் கேட்கப் பாவமாகவும் இருந்தது.

வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அதன் பக்கத்தில் வைத்துவிட்டு, ஆட்டு டாக்டர் டோசுவுக்குப் போன் செய்தாள். அவர் வந்து பாம்பின் விலாவில் காதை வைத்தார்.

"நெஞ்சுல சளி கட்டியிருக்கு தங்கச்சி. மூணு ஊசி போட்டாப் பொழைச்சுக்கும். பேரச் சொல்லு."

இதற்குத்தான் அவள் பயந்தாள். தகப்பனுக்கு நோய் என்று யாரும் வாயால் சொல்வதில்லை. அந்த வீட்டு ஆள் ஒருவரின் பெயரைச் சொல்லி, நோயை அவர்மேல் ஏற்றிவிட்டுத்தான் மருந்து. பெயர் சொல்லப்பட்டவர் நாலு நாள் இருமுவார். ஆனால் அவள் வயிற்றில் பிள்ளை. செஜ்ரோவுக்கோ ஏற்கெனவே இளைப்பு.

"அக்குபா" என்றாள்.

டோசு நிமிர்ந்தார். "உன் மாமியாரா? அவங்க போயி ரெண்டு வருஷமாச்சே!"

"செத்தவங்களுக்கு என்னண்ணே வந்துடப் போகுது?"

"உசுரோட இருக்கறப்போ கேக்காமப் பேரக் கொடுத்திருந்தா உன்ன உண்டு இல்லைன்னு ஆக்கியிருக்கும் அந்தம்மா." மருந்தை ஏற்றினார். "குளிர் படாமப் பாத்துக்க. தலையத் தூக்கினா அப்படியே விடு. நெஞ்சு அடைச்சா தலையத் தூக்கித்தான் மூச்சு விட முடியும்."

மூன்றாம் நாள், மூன்றாவது ஊசி. மதியம் பாம்பு ஓர் எலியை விழுங்கிவிட்டுச் சுருண்டது. அசிபாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. சோள உருண்டையும் வறுத்த மீனும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு உள்ளறைப் பாயில் சாய்ந்தாள். அந்த வீட்டுப் பெரியவர்கள் எல்லோரையும் போல மாமியாரையும் அந்த அறைத் தரைக்குள்தான் அடக்கியிருந்தார்கள். மேலே சிமெண்ட் பூசி, பாய் விரித்து, பயமில்லாமல் படுப்பார்கள்.

கண் சொருகியபோது சீழ்க்கை கேட்டது.

போச்சு, மறுபடியும் என்று கூடத்துக்கு ஓடினாள். பாம்பின் வாய் மூடியிருந்தது. நுரை இல்லை. சத்தமும் இல்லை.

சீழ்க்கை மட்டும் நிற்கவில்லை.

முதுகுக்குப் பின்னால். உள்ளறையில்.

பாம்பு சுருளை அவிழ்த்தது. அவள் காலை உரசிக்கொண்டு உள்ளே ஊர்ந்து, பாயோரத்தில் மோவாயை வைத்துக்கொண்டது. கேட்பது போல.

"அத்தே?" என்றாள்.

பாயை இழுத்தாள். சிமெண்டில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். நேற்று இல்லை. விரிசலில் நுரை. ஒரு குமிழி ஊதியது. உடைந்தது. இன்னொன்று ஊதியது. ஈர மண் வாடை. வயிற்றில் பிள்ளை உதைத்தது. வாசல் நாலே எட்டு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரடி பின்வாங்கினாள்.

கிழக்கே, மாமியாரின் தலை இருந்த பக்கம், சிமெண்ட் மெல்ல மேலே எழும்பத் தொடங்கியது.