இரண்டு தட்டு, ஒரு பதில்

கணவன் இறந்த பிறகு அவள் ஆய்வகத்துக்கு வந்த முதல் நாள். குளிர்கலத்தின் பம்பு வழக்கம்போல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. எண்ணெய் வாடை, ஈர உலோக வாடை. அவன் மேல்சட்டை அதே ஆணியில் தொங்கியது.

கலத்தின் அடியில், உறைகுளிரில், நகமளவு சபையர் படிகச் சில்லு. அது துளி அதிர்ந்தாலும் ஒட்டியிருக்கும் மீக்கடத்திச் சுற்றுக்குத் தெரிந்துவிடும். திரையில் கோடு துள்ளும். கடைசியாகக் கலத்தை மூடியவன் அவன்தான். மூடியதும் இரண்டு தட்டுத் தட்டுவான். எதிர்ப்பக்கம் நிற்கும் அவள் ஒரு தட்டில் பதில் சொல்லியாகவேண்டும். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காதென்று எல்லோரும் கேலி செய்வார்கள்.

கோடு இரண்டு முறை துள்ளியது.

கலத்துக்குள் காற்றே கிடையாது. வெளியே இருக்கும் சத்தம் நுழைய வழியில்லை. அவள் பயப்படவில்லை, அழுதாள். சுற்றின் வழியாகச் சில்லுக்கு ஓர் அதிர்வை அனுப்பினாள்.

மறுபடி இரண்டு.

அன்று முதல் அவளுக்கு அதே வேலையாகிவிட்டது. சோறு தண்ணி மறந்தாள். கலத்தைச் சூடாக்கினால் வெப்பத்தின் நடுக்கமே சில்லை நிறைத்துவிடும், அவன் போய்விடுவான்.

"சூடேத்திடலாம் அண்ணி," என்று கெஞ்சினான் அங்கேயே வேலை பார்க்கும் கொழுந்தன். "அண்ணன விட்டுடுங்க."

"ஒரு தடவ எரிச்சதே போதும்."

ஒரு மதியம் அவள் இரு கைகளிலும் தேநீர்க் கோப்பையைப் பிடித்திருந்தாள்.

இரண்டு துள்ளல்.

பிறகு ஒன்று.

"நீங்க அனுப்பினீங்களா?" என்றான் பக்கத்தில் நின்ற கொழுந்தன்.

"இல்லையே. நீ?"

அவன் தலையாட்டி மறுத்தான். உள்ளே யாரோ அவளுடைய பதிலைச் சொல்லக் கற்றுக்கொண்டிருந்தார்கள். அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"சூடேத்து," என்றாள்.

நன்றாகச் சூடேறிய பிறகு திறந்தார்கள். சில்லை எடுத்துப் பெட்டியில் வைத்தார்கள். கம்பிகளைக் கழற்றினார்கள். வெறும் கலத்தைக் கொழுந்தன் மூடினான்.

"முடிஞ்சுது அண்ணி. வாங்க, வீட்டுக்குப் போகலாம்."

அவள் கடைசியாக ஒருமுறை கலத்தின் மேல் கை வைத்தாள். இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது.

உள்ளிருந்து, மெதுவாக, இரண்டு தட்டு.

பழக்கத்தில் உயர்ந்த விரலை இறக்கக்கூடாதென்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

டொக்.

"எதுக்கு அண்ணி பதிலுக்குத் தட்டுறீங்க?"

அவள் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் உயர்ந்தே நின்றது.

"நான் தட்டலப்பா."